ஒன்பது முடிந்ததா, நடக்கிறதா? தட்டம்மை, ஃப்ளூ தடுப்பூசிகளை நாள் தவறாமல் போட ஒரு வழிகாட்டி

"பாப்பாவுக்கு எத்தனை மாசமுங்?" என்று பால்வாடியில் கேட்டால், "ஒம்பது நடக்குதுங்" என்று பதில் வரும். தட்டம்மைத் தடுப்பூசிக் கணக்கு பெரும்பாலும் பிசகுவது இந்த இடத்தில்தான். ஒன்பது நடக்கிறது என்றால் முடிந்திருப்பது எட்டு. தடுப்பூசி அட்டையில் அச்சிட்டிருக்கும் '9 மாதம்' ஒன்பது முடிந்ததைச் சொல்கிறது. நம் பேச்சுக்கும் அட்டைக்கும் இடையே ஒரு மாதம் இடிக்கிறது. சிலர் ஒரு மாதம் முன்னதாகவே வந்து திரும்பிப் போகிறார்கள். திரும்பிப் போனவர்களில் சிலர் அப்புறம் வருவதே இல்லை.

கொங்குப் பக்கம் தடுப்பூசி வேண்டாம் என்று மறுக்கும் குடும்பங்கள் குறைவு. ஊர் மாறியது, நோம்பி (கோயில் திருவிழா) வந்தது, சளி பிடித்தது, பனியன் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை என்று நாள் நழுவிப்போகும் குடும்பங்களே அதிகம். முதல் குழந்தை பெற்றவர்களுக்கும், திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் அந்த நழுவலைத் தடுக்கும் வழிகள் இதோ.

முதல் வேலை: நாட்காட்டியில் ஐந்து நாள் குறிப்பது

தாயின் உடம்பில் இருக்கும் தட்டம்மை எதிர்ப்பு, கருவிலேயே குழந்தைக்கு வந்து சேர்கிறது. பிறந்து சில மாதங்கள் அதுவே காவல். ஆனால் அது வலுவாக இருக்கும்போது ஊசி போட்டால், ஊசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியையும் அதே எதிர்ப்பு அழித்துவிடும். குழந்தையின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. ஒன்பது மாதம் முடிவதற்குள் தாயின் பங்கு பெரும்பாலும் கரைந்திருக்கும். அதனால்தான் அந்தக் கெடு. முந்திப் போட்டால் ஊசி கணக்கில் வராது. பிந்தினால் குழந்தைக்குத் தாயின் காவலும் இல்லை, ஊசியின் காவலும் இல்லை.

ஆங்கிலத் தேதியிலேயே கணக்கு வையுங்கள். வைகாசி, ஆனி என்று எண்ணினால் மாத நீளம் மாறி ஓரிரு நாள் முன்பின் ஆகும். 2025 மார்ச் 14 அன்று பிறந்த குழந்தைக்குக் கணக்கு இப்படி வரும்:

1. 2025 செப்டம்பர் 14, ஆறு மாதம் முடிகிறது. மறுநாள் திங்கட்கிழமை, செப்டம்பர் 15 அன்று ஃப்ளூ ஊசி முதல் தவணை.
2. நான்கு வாரம் கழித்து அக்டோபர் 13 அன்று ஃப்ளூ இரண்டாம் தவணை.
3. டிசம்பர் 14, ஒன்பது மாதம் முடிகிறது. அன்று ஞாயிறு. அடுத்த புதன்கிழமை டிசம்பர் 17 அன்று தட்டம்மை–ருபெல்லா முதல் தவணை (ருபெல்லா என்பது ஜெர்மன் தட்டம்மை; இரண்டுக்கும் ஒரே ஊசி). கூடவே வைட்டமின் ஏ திரவம் 1 மில்லி, அதாவது 1 லட்சம் யூனிட்.
4. 2026 ஜூலை 14, பதினாறு மாதம் முடிகிறது. மறுநாள் புதன், ஜூலை 15 அன்று தட்டம்மை–ருபெல்லா இரண்டாம் தவணை. வைட்டமின் ஏ இந்த முறை 2 மில்லி.
5. 2026 ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் அந்த ஆண்டுக்கான ஃப்ளூ ஊசி, ஒரே தவணை.

உங்கள் குழந்தையின் பிறந்த தேதியை வைத்து இதே போலக் கணக்குப் போட்டு, வீட்டுத் தினசரி நாட்காட்டியிலும் கைபேசியிலும் குறித்துவையுங்கள். புதன்கிழமை என்பது தமிழ்நாட்டில் வழக்கமான தடுப்பூசி நாள். உங்கள் துணை சுகாதார நிலையத்துக்கோ வார்டுக்கோ எந்த வாரப் புதன், எந்த இடம் என்பதை மட்டும் நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில சிற்றூர்களுக்கு மாதத்தில் ஒரு புதன்தான் முறை வரும். அந்த ஒன்று தப்பினால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரே போய்விடலாம்.

இரண்டாம் தவணை ஏன்? ஒன்பது மாதத்தில் போடும் ஊசி நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். மிச்சம் 15 பேர் யார் என்று வெளியில் தெரியாது. இரண்டு தவணையும் போட்டால் பாதுகாப்பு 97 விழுக்காட்டுக்கு ஏறும். தட்டம்மை போலப் பரவும் நோய் வேறு இல்லை என்றே சொல்லலாம். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் அங்கே இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். இதனால்தான் ஊரில் நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். பதினாறாம் மாதத்தில் குழந்தை நடந்து திரிகிறது, அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டாள், பெரும்பாலும் அம்மாயிதான் (அம்மாவின் அம்மா) பார்த்துக்கொள்கிறாள். முதல் தவணையைவிட இரண்டாம் தவணை அதிகம் விட்டுப்போவது அதனால்தான்.

பிறந்தூட்டிலிருந்து திரும்பும்போது

இங்கே பெரிய ஓட்டை இதுதான். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். குழந்தை பிறந்தது கோபியில் (கோபிசெட்டிபாளையம்) என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வார ஊசிகள் எல்லாம் அங்கேயே ஆகிவிடும். அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியர் பட்டியலில் குழந்தையின் பெயர் இருக்கும். அவரே ஆள் விட்டுக் கூப்பிடுவார். ஐந்தாம் மாதம் குழந்தை திருப்பூரில் அப்பன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கோபி நர்ஸம்மாவின் பதிவேட்டில் 'வெளியூர்' என்று ஒரு சொல் விழும். திருப்பூர் வார்டு செவிலியருக்கோ அந்த லைன் வீட்டில் ஒரு கைக்குழந்தை வந்திருப்பதே தெரியாது. ஒன்பதாம் மாத ஊசிக்குக் கூப்பிட ஆளில்லை.

வந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை: தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, கிராமம் என்றால் துணை சுகாதார நிலையத்துக்கோ போங்கள். கர்ப்பத்தின்போது கொடுத்த 12 இலக்கப் பதிவு எண் அட்டையில் இருக்கும். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்ட அதே எண்தான். அதைச் சொல்லி, குழந்தை இந்த முகவரிக்கு வந்துவிட்டது என்று பதியச் சொல்லுங்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்றும் கேளுங்கள். பிரசவ நேரத்தில் கொடுத்தது அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) எண்ணாக இருந்தால், நினைவூட்டல் கோபிக்குத்தான் போகும்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தோ பீகார், ஒடிசாவிலிருந்தோ மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் கோழிப்பண்ணைக்கும் வந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ஊர் ரேஷன் கார்டு என்பது தடுப்பூசிக்குத் தடையில்லை. எந்த அரசு நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். பக்கத்து லைன் வீட்டில் இந்தி பேசும் குடும்பத்தில் கைக்குழந்தை இருந்தால் புதன்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் குழந்தைக்கும் அதில் நன்மை இருக்கிறது.

அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, அம்மா, அப்பா, அம்மாயி மூவர் கைபேசியிலும் வைத்துவிடுங்கள்.

எந்த ஊசி எது

பெயர்க் குழப்பத்தால் ஊசி விட்டுப்போவது நாம் நினைப்பதைவிட அதிகம்.

குழந்தையின் இடது தோளில் இருக்கும் தழும்பைக் காட்டி, "அம்மை குத்தியாச்சே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அம்மை குத்தினது பெரியம்மைக்கு. அது ஒழிந்து, ஊசியும் நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதைய குழந்தையின் தழும்பு பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசியினுடையது, அது காசநோய்க்கு. தட்டம்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அம்மை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதும் ஒன்று இல்லை. நீர்க்கொப்புளமாக எழுவது சின்னம்மை. மணல் தூவினாற்போலச் சிவந்த தடிப்பாக, காய்ச்சல், கண் சிவப்பு, இருமல், மூக்கொழுகலோடு வருவது தட்டம்மை. மணல்வாரி என்றும் சொல்வார்கள். ஒன்று வந்து போனால் இன்னொன்றுக்குக் காவல் கிடையாது. "போன வருஷமே ஆத்தா வந்துட்டுப் போயிட்டா" என்பதற்காகத் தட்டம்மை ஊசியை விடக் கூடாது.

மூன்றாவது குழப்பம் படித்தவர்களுக்கு வருவது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் ஐந்து நோய் ஊசியில் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி' என்று ஒரு பெயர் இருக்கும். அதைப் பார்த்து ஃப்ளூ ஊசி ஆகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. பெயரில் மட்டும் இன்ஃப்ளூயன்சா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ளூ வைரஸுக்கான ஊசி தனி.

அரசு நிலையத்தில் போடுவது தட்டம்மையும் ருபெல்லாவும் சேர்ந்த ஊசி. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி முகாமிலிருந்து வந்தது. தனியார் குழந்தை மருத்துவர் போடுவது பெரும்பாலும் இவற்றோடு பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த மூன்று நோய் ஊசி; 9 மாதம், 15 மாதம், 4–6 வயது என்று மூன்று தவணை. முதல் தவணை தனியாரிடமும் அடுத்தது அரசிலும் போட்டால் தவறில்லை. ஆனால் தனியாரிடம் போட்டதை நர்ஸம்மாவிடம் சொல்லிப் பதியவையுங்கள். இல்லையென்றால் அவர் பட்டியலில் உங்கள் குழந்தை விட்டுப்போனதாகவே இருக்கும்.

ஊசி நாளன்று

பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. காரணம் உண்டு. தட்டம்மை ஊசி மருந்து உறையவைத்து உலர்த்திய பொடியாக வரும். அதற்கென்றே உள்ள கரைப்பானில் கலந்த பின் 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். முகாம் அதற்கு முன்னதாக முடிந்தால் அப்போதே மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். கலந்த மருந்தில் கிருமி வளர்ந்தால் தடுக்கும் பொருள் எதுவும் அதில் கிடையாது. நேரம் கடந்த குப்பியிலிருந்து போட்டதால் குழந்தைகள் உயிரிழந்த சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. ஒரு குப்பியில் பல குழந்தைக்கான மருந்து இருப்பதால், கடைசி நேரத்தில் ஒற்றை ஆளாகப் போய் நின்றால் செவிலியர் தயங்கக்கூடும். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதே விதி. பணிவாக அதைக் கேட்கலாம். அதைவிட, ஊரில் அதே மாதக் குழந்தைகள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போவது இருவருக்கும் சுலபம்.

கூச்சப்படாமல் பார்க்கக்கூடியவை மூன்று. குப்பி திறந்த நேரம் அதன் மேல் எழுதியிருக்கிறதா? திறக்காத குப்பியின் மூடியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் சுற்றி இருக்கும் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு படாமல் வந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் இருண்டுபோனாலோ அந்தக் குப்பி ஆகாது. சித்திரை வெயிலில் மொபெட்டில் கொண்டுவரும் மருந்துப்பெட்டி என்பதால் இதைப் பார்ப்பது வீண் வேலை இல்லை. மூன்றாவது, சிரிஞ்ச் உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். அரசு முகாமில் தருவது ஒருமுறை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை.

அளவு 0.5 மில்லி, வலது மேற்கையில், தோலுக்கு அடியில். ஒன்பது மாதம் முடிந்து போடும்போது, அதே நாளில் இடது மேற்கையில் போலியோவுக்கு ஒரு சிறு ஊசியும், தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியும் இருக்கும். "ஒரே நாளில் இத்தனை ஊசியா?" என்று பிரித்துப் போடச் சொல்லாதீர்கள். பிரித்தால் ஒன்று நிச்சயம் விட்டுப்போகும். சேர்த்துப் போடுவதால் எதன் பலனும் குறையாது. வைட்டமின் ஏ மறக்கப்படுவது உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கையில்லாத சட்டை போட்டுக் கூட்டிப்போங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பிடிப்பதைவிட, அம்மா மடியில் நெஞ்சோடு அணைத்து உட்காரவைத்துப் போட்டால் அழுகை குறையும். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போட்டால் இன்னும் நல்லது. போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது; வந்தால் பெரும்பாலும் இந்த அரை மணிக்குள்தான் வரும், அதற்கான மருந்து செவிலியரிடம் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் தேய்க்கவோ, மஞ்சள், எண்ணெய், சுண்ணாம்பு தடவவோ வேண்டாம்.

கிளம்பும் முன் அட்டையில் தேதி எழுதியிருக்கிறார்களா, அடுத்த தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

"இப்ப வேண்டாமுங், அப்புறம் பாக்கலாம்"

லேசான சளி, இருமல், பல் முளைப்பு, வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, ஆன்டிபயாடிக் குடித்துக்கொண்டிருப்பது ஆகிய எதற்கும் தட்டம்மை ஊசியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. எடை குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால்தான் ஆபத்து இரட்டிப்பு. அதற்குத்தான் முதலில் போட வேண்டும். நல்ல காய்ச்சல் அடித்துக் குழந்தை துவண்டு கிடந்தால் மட்டும் தணியும் வரை காத்திருங்கள்.

உண்மையிலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டிய நிலைகள் சில உண்டு: முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சையோ அதிக அளவு ஸ்டீராய்டோ நடந்தால், பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு இருந்தால், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால். முட்டை ஒவ்வாமை தட்டம்மை ஊசிக்குத் தடையில்லை.

மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, கம்பம் நட்டுவிட்டால் நோம்பி முடியும் வரை ஊசி வேண்டாம் என்று சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களோடு சண்டை போடுவதில் பயனில்லை. மாசி, பங்குனி, சித்திரை நோம்பி எப்போது வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் மாதமோ பதினாறாம் மாதமோ அந்த நாட்களில் விழுந்தால், கெடு முடிந்த முதல் புதனிலேயே, சாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். முந்த முடியாவிட்டால் மாவிளக்கு முடிந்த அடுத்த புதன். அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வராது. 7 முதல் 12 நாள் கழித்தே வரும். ஊசி போட்ட அடுத்த வாரம் சீர் வைத்துவிட்டால், கூட்டத்தில் குழந்தை சுட்டுக்கொண்டு கிடக்கும். பழி காதுகுத்தின் மேல் விழும், அல்லது ஊசியின் மேல். ஊசி நாளுக்கு முன்போ, இரண்டு வாரம் கழித்தோ விசேஷத்தை வையுங்கள். நாள் பார்க்கும்போதே இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

காய்ச்சலுக்கு எவ்வளவு மருந்து

அந்த ஏழு–பன்னிரண்டு நாள் இடைவெளியில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும், இன்னும் சிலருக்கு லேசான சிவப்புத் தடிப்பும் வரும். ஓரிரு நாளில் தானே அடங்கும், அடுத்தவருக்குப் பரவாது. பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம் போதும்.

தவறு நடப்பது பாட்டிலில். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். எனவே 1 மில்லி. சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்று இருந்தால் 4 மில்லி. 5 மில்லிக்கு 250 என்று இருந்தால் 2 மில்லி. "போன தடவை நாலு மில்லி குடுத்தோம்" என்ற நினைவில் சொட்டு மருந்தை 4 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும், ஈரலுக்குக் கேடு. மருந்துக் கடையில் பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள். ஊசிக்கு முன்பே தடுப்பாகக் கொடுக்க வேண்டாம்.

ஃப்ளூ ஊசி: பருவம் பார்த்துப் போடுவது

இது அரசுக் குழந்தைத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். விலை பிராண்டுக்கு ஏற்ப மாறும், முதல் ஆண்டு இரண்டு தவணை என்பதால் இரட்டிப்பாகும். முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் இதைப் பரிந்துரைக்கிறது. கையில் காசு குறைவு என்றால் யாருக்கு முதலில்? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, வீசிங் வரும் குழந்தை, இருதயக் கோளாறு உள்ள குழந்தை. தட்டம்மை ஊசிக்கு இப்படி முன்பின் கிடையாது, அது எல்லோருக்கும்.

ஒன்பது வயதுக்குள் முதன்முதலாகப் போடுகிறவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. முதல் ஆண்டில் ஒன்று மட்டும் போட்டு விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு மறுபடி இரண்டு போட வேண்டும்; பலரும் இதில் ஏமாறுகிறார்கள். எதிர்ப்பு ஊற இரண்டு வாரம் ஆகும்.

ஈரோடு, கரூர், திருப்பூர்ச் சமவெளிக்கு ஐப்பசி மழைதான் பெருமழை. தமிழ்நாட்டில் ஃப்ளூவும் பெரும்பாலும் அந்த வடகிழக்குப் பருவத்தோடுதான் தலைதூக்குகிறது. ஆடிக் காற்று அடங்கும்போதே முதல் தவணையை முடித்து, அக்டோபர் நடுவுக்குள் இரண்டாவதையும் முடித்தால் கணக்கு சரியாக வரும். வால்பாறை, ஆனைமலை, பொள்ளாச்சி மேற்குப் பக்கம் தென்மேற்கு மழையும் கனமாகப் பெய்யும் இடம். அங்கே மே மாதத்திலேயே போட்டுவிடலாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் ஊசி என்றால் பருவத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. பெட்டியின் மேல் எந்த ஆண்டுக்கான மருந்து என்று அச்சிட்டிருக்கும். போன ஆண்டு மிச்சம் போடப்படவில்லை என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். அளவும் பிராண்டைப் பொறுத்தது: சிலவற்றில் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 0.25 மில்லி, சிலவற்றில் எல்லா வயதுக்கும் 0.5 மில்லி.

"மெடிக்கல்ல வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லும் இடங்களில் கொஞ்சம் யோசியுங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெடும், உறைந்தாலும் கெடும். ஐஸ் கட்டிக்கு நடுவே திணித்துக் கொண்டுபோனால் உறைந்துபோய், பார்க்கத் தெளிவாக இருந்தும் பலன் குறைந்த மருந்தாகிவிடும். தாமே குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கும் மருத்துவரிடம் போவதே மேல். ஃப்ளூ ஊசி மருந்துகள் பெரும்பாலும் முட்டையில் வளர்த்துத் தயாரிப்பவைதான்.  முட்டை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

ஃப்ளூ ஊசி போட்டும் சளி பிடித்தது என்று குறைப்படுவார்கள். சாதாரணச் சளிக்கு நூற்றுக்கு மேற்பட்ட வேறு வைரஸ்கள் காரணம். அவற்றை இந்த ஊசி தடுக்காது. ஊசியால் ஃப்ளூ வரவும் வராது, அதில் உயிருள்ள கிருமி இல்லை. தட்டம்மை ஊசியோடு ஒரே நாளில், வேறு கை காலில் போடலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது; அதற்கு வழி, கர்ப்பத்தின்போது தாய் போட்டுக்கொள்வதும், வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்வதும்தான்.

நாள் தாண்டிவிட்டால்

திட்டு விழும் என்று பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள். அரசுத் திட்டத்தில் தட்டம்மை ஊசியை 5 வயது வரை போடுவார்கள். முதல் தவணையே ஆகவில்லை என்றால் இன்றைக்கு ஒன்று, குறைந்தது நான்கு வாரம் கழித்து ஒன்று. அட்டை தொலைந்து, போட்டோமா இல்லையா என்று நினைவில்லை என்றால் போடாததாகவே வைத்துக்கொண்டு போடுங்கள்; கூடுதலாக ஒரு தவணை போனால் கெடுதல் இல்லை.

வீட்டிலோ லைனிலோ தட்டம்மை வந்துவிட்டால்

வேப்பிலை கட்டுவதில் கெடுதல் இல்லை; வெளியாள் உள்ளே வராமல் தடுப்பதால் ஒரு வகையில் நல்லதுதான். கெடுதல் வருவது, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆத்தா கோபிப்பாள் என்று காத்திருப்பதில்.

அன்றைக்கே நர்ஸம்மாவுக்குச் சொல்லுங்கள். தடிப்போடு காய்ச்சல் என்றால் இரத்தம் எடுத்துச் சோதித்து, சுற்றிலும் ஊசி விட்டுப்போன குழந்தைகளைத் தேடுவார்கள். நோயாளியோடு பழகிய, ஊசி போடாத ஒன்பது மாதம் கடந்த குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோய் வராமலே தடுக்க வாய்ப்பு உண்டு. அதற்குக் குறைந்த வயதுக் கைக்குழந்தைக்கு என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்; ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சில சமயம் முன்கூட்டியே ஒரு தவணை போடுவார்கள், ஆனால் அது கணக்கில் சேராது, ஒன்பது மாதம் முடிந்ததும் மறுபடி போட வேண்டும்.

நோய் வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ, இன்றைக்கும் நாளைக்கும் என்று இரண்டு வேளை: 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம் யூனிட், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். முந்தைய தவணை வாங்கியிருந்தாலும் கொடுக்க வேண்டும். தட்டம்மைக்குப் பின் கண் போவது பெரும்பாலும் இந்தச் சத்துக் குறைவால்தான். கண்ணில் தாய்ப்பாலோ இலைச் சாறோ விடாதீர்கள். பத்தியம் என்று சோற்றை நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், மோர், இளநீர், கம்மங்கூழ், பருப்புச் சாதம், எது இறங்குகிறதோ அது.

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதுக்கு மேல் 40. அந்த அளவை எட்டினாலே நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்காதது, வலிப்பு, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, கருவிழி வெளுப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் 108.

தடிப்பு எழுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, எழுந்த பின் நான்கு நாள் வரை தொற்றும். மூன்றாம் நாளே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உறவுக்காரர்களை வீட்டுக்குள் விடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. தண்ணீர் ஊற்றுவதில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கும் குழந்தையிடமிருந்து நோய் பரவிக்கொண்டிருக்கும். தடிப்பு எழுந்த நாளை ஒன்று என்று எண்ணும் நம் கணக்கில், ஐந்தாம் நாள் பொழுது சாயும் வரை மற்றக் குழந்தைகளை அந்த வாசலுக்குள் விடாதீர்கள்.